312 தொப்பிகளுக்கு நன்றி

லைன் வீட்டு அக்கா தங்கைகளுக்கும், கம்பெனிக்காரர்களுக்கும், பெயர் சொல்லாமல் வாசலில் நூல்கோன் வைத்துவிட்டுப் போன புண்ணியவானுக்கும் வணக்கம்.

குறைமாதக் குழந்தைகளுக்காகத் திருப்பூரில் நாம் தைத்த 312 தொப்பிகள் போன வியாழக்கிழமை அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

முதல் நன்றி, நாம் முதலில் தைத்ததை வாங்க மறுத்த நர்ஸ் அம்மாவுக்குத்தான். ஆசை ஆசையாகக் கயிறு கட்டி, மணி கோத்து 40 தொப்பி கொண்டுபோயிருந்தோம். ஒன்றை எடுத்துத் தன் முஷ்டி மேல் மாட்டினார். தொளதொளவென்று மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது. "இங்க இருக்கிற பிள்ளைங்களுக்குத் தலை சாத்துக்குடி அளவுதாங்க. கயிறு கழுத்துல சுத்திக்கும், மணி அறுந்தா வாய்க்குள்ள போயிரும்" என்றார். ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள பிள்ளைக்குத் தலைச்சுற்று 26 சென்டிமீட்டர். நம் டேப்பில் பத்தேகால் இஞ்ச். உடம்பில் கொழுப்பு ரொம்பக் குறைவு, உடம்பைப் பார்த்தால் தலைதான் பெரிது, சூடு நிறைய அதன் வழியாகப் போய்விடுமாம். அம்மா நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும்போதும் தொப்பி வேண்டும் என்றார். தையல் மடிப்பு தலையில் உரசக் கூடாது என்பதால் ஓவர்லாக் ஜாயின்ட் வெளிப்பக்கம் வந்தது. பார்க்கத்தான் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும்.

வேஸ்ட்காரருக்குக் கிலோக்கணக்கில் போகவேண்டிய சிங்கிள் ஜெர்சி (மெல்லிய பனியன் துணி) கட்டிங்கை மூட்டையாகத் தந்த முதலாளிக்கு நன்றி. சாயம் இறங்காத வெளிர்நிறமாகப் பொறுக்கித் தந்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் நம் செக்கிங் அக்கா. எக்ஸ்போர்ட் கம்பெனிப் பழக்கம் அவருக்கு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கைக்கு வந்தாக வேண்டும். ஒரு ராத்திரி ஒரு துண்டைக் காணோம். மெஷினை நிறுத்திவிட்டு, அந்தப் பண்டலில் இருந்த 27 தொப்பியையும் ஒவ்வொன்றாகக் காந்தத்தில் தடவினார். எனக்கு எரிச்சல்தான். பதினொன்றரை மணிக்கு வேஸ்ட் கூடையில் அகப்பட்டது, அரை இஞ்ச்கூட இருக்காது. உடைந்த ஊசிகள் மூன்றும் தேதியோடு அவர் நோட்டில் செல்லோடேப்புக்கு அடியில் இருக்கின்றன.

கடைசி வீட்டு ஒடிசாத் தங்கச்சிக்குத் தமிழ் "சீக்கிரம் அக்கா" வரைக்கும்தான். அதை வைத்தே எங்கள் எல்லோரையும் மேய்த்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் தனியாளாக 90 முடித்தாள்.

"பொறந்த பிள்ளைக்குப் புதுத்துணியா போடுவாங்க?" என்று கோபித்த மேலவீட்டு ஆத்தாவுக்கும் ஒரு கும்பிடு. தாத்தாவின் நைந்த வேட்டிகளைக் கொதிக்க வைத்து அலசி, 60 துண்டாகக் கிழித்துத் தந்தார். நர்ஸ் அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு முதலில் எடுத்து வைத்தது அதைத்தான். நம் தொப்பிக்குக்கூட அந்த மரியாதை கிடைக்கவில்லை.

நூல்கோன் வைத்தவர் யாரென்று இன்னும் தெரியவில்லை. வெள்ளை தீர்ந்துவிட்டது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.