ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி மாதம் ஒருமுறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். போன ஆண்டுப் பொதுக்குழுவில் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன். தெருவில் இறங்கிச் சண்டையை விலக்கிவிடும் பணியாளர்களுக்கு நம் சங்கம் கைகொடுக்கிறதே, அதனால் துப்பாக்கிச் சூடு குறைந்ததா?

‘குறைந்தது’ என்று சொல்லிவிடுவது எளிது. நம் பால்டிமோர் நகரில் 2022இல் 330க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன; 2024இல் 201. இதை நம் சாதனையாகத் துண்டறிக்கையில் போடலாம் என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதே ஆண்டுகளில் அமெரிக்கா முழுக்கவே கொலைகள் குறைந்தன. ஊரெல்லாம் மழை பெய்திருக்கும்போது, நம் கிணற்றில் தண்ணீர் ஏறியது நாம் தூர்வாரியதால்தான் என்று எப்படிச் சொல்வது? அப்புறம் இன்னொன்று. இந்தப் பணி பெரும்பாலும் நிலைமை மிக மோசமாகும்போதுதான் தொடங்கும். யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு எண்ணிக்கை சற்றே இறங்கியிருக்கலாம்.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது, இந்தப் பணி இல்லாதிருந்தால் இங்கே என்ன நடந்திருக்கும் என்பதை. தெருவில் சண்டையை விலக்கிவிடும் இதே பணியைச் செய்யும் நம் நகரின் ‘சேஃப் ஸ்ட்ரீட்ஸ்’ திட்டம் 2007இல் தொடங்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை இப்படித்தான் அளந்தார்கள். திட்டம் இல்லாத மற்ற பகுதிகளின் கணக்குகளை, திட்டம் நடந்த பகுதியின் பழைய போக்கோடு ஒத்துப்போகும் அளவில் கலந்து, ஒரு நிழல் பகுதியை உருவாக்கி அதோடு ஒப்பிட்டார்கள். 2023இல் வந்த அறிக்கையின்படி, உயிர் போகாத துப்பாக்கிச் சூடுகள் சராசரியாக 23 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே பலன் இல்லை. அந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சிகாகோவின் ‘ரெடி’ திட்டத்தில் 2,456 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 18 மாதம் வரை வேலையும் மனப்பயிற்சியும் தர முன்வந்தார்கள். பல வகை வன்முறைகளைச் சேர்த்துக் கணக்கிட்ட மொத்தக் குறியீட்டில் உறுதியான மாற்றம் தெரியவில்லை. தெருப் பணியாளர்களே தேடிப் பரிந்துரைத்தவர்களை மட்டும் பார்த்தபோது, துப்பாக்கிச் சூடு, கொலை வழக்குகளில் கைதானது 79 சதவீதம் குறைவு. சிறு குழுவின் கணக்கு என்பதால் நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் யாருக்கு ஆபத்து நெருங்குகிறது என்று தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிகிறது என்றே நான் நம்புகிறேன்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு ஒரு பணியாளர் தன் நோட்டைக் கொண்டுவந்தார். ஓரம் மழையில் நனைந்து உப்பியிருந்தது. ஒரு பக்கத்தை வாசித்தார்: “வெள்ளி இரவு 11:40. கேஸ் ஸ்டேஷன் பக்கம். இரண்டு பையன்கள், இன்ஸ்டாகிராமில் போட்ட ஒரு வீடியோவால் தகராறு. ஒருவன் இடுப்பில் கை வைத்திருந்தான். மற்றவனை வண்டியில் ஏற்றி அவன் அத்தை வீட்டில் விட்டேன். காலையில் இருவரிடமும் தனித்தனியே பேசினேன்.” அன்றிரவு யாரும் சுடவில்லை. அதனால் காவல்துறைக் கணக்கிலோ மருத்துவமனைக் கணக்கிலோ அந்த இரவு ஏறவே ஏறாது.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் நம் பதிவுப் படிவத்தை மாற்றினோம். தேதி, தெரு, தகராறின் காரணம், ஆயுதம் இருந்ததா, ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தபோது நிலைமை என்ன, இவ்வளவுதான். பெயரும் சேர்த்தால் கணக்கு துல்லியமாகும் என்று ஒரு யோசனை வந்தது, மறுத்துவிட்டோம். தன் பெயர் காவல்துறைக்குப் போகும் என்று ஒரு பையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டால், அடுத்த முறை அவன் போனை எடுக்கமாட்டான்.

2025 ஏப்ரலில் மத்திய அரசின் நீதித்துறை அமைச்சகம் நாடு முழுக்கப் பல வன்முறைத் தடுப்பு மானியங்களைப் பாதியில் நிறுத்தியது. இது எனக்குப் பெரிய கவலை. பழகிய பணியாளர் போய்விட்டால், புதிதாக வருபவரைத் தெரு நம்புவதற்கு வெகுகாலம் ஆகும். அளவீடும் அறுந்துபோகும். நம்முடையது போன்ற சிறிய பகுதியில் ஒரே ஒரு கெட்ட இரவு ஓராண்டுக் கணக்கைப் புரட்டிப்போட்டுவிடும். குறைந்தது மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்காமல் நாம் எதையும் அறிவிக்கக் கூடாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த வகைப் பணி பல இடங்களில் பலன் தந்திருக்கிறது. நம் பகுதியில் தந்ததா என்று இந்த ஆண்டுக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய விதத்தில் எண்ணத் தொடங்கியிருக்கிறோம். புதிய படிவத்துக்கும் மூன்றாண்டுக் கணக்கெடுப்புக்கும் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். அச்சிட்ட நோட்டுகள் வாசல் மேசையில் இருக்கின்றன. பணியாளர்கள் கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

செயலாளர்