மரம் ஏறுவோருக்குப் பாதுகாப்புக் கயிறும், செயின் சா பழுது பார்க்கப் பட்டறையும் மழைக்கு முன் கிடைக்கச் செய்ய வேண்டி மனு

இடம்: கடலூர்
நாள்: 11.08.2025

அனுப்புநர்:
மரம் வெட்டும், கிளை கழிக்கும் தொழிலாளர்கள் சார்பாக,
செயின் சா மெக்கானிக்,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
(மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர்)
கடலூர்.

பொருள்: புயல் காலத்தில் மரம் அறுக்கும் தொழிலாளர்களுக்கு ஏறும் கருவிகள், பயிற்சி, காப்பீடு, செயின் சா பழுது நீக்கும் வசதி ஆகியவை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குறிஞ்சிப்பாடி பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். மருந்து ஸ்பிரேயர், புல் வெட்டும் மிஷின், செயின் சா (பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் ரம்பம்) ஆகியவற்றைப் பழுது பார்ப்பது தொழில். அதற்கு முன் நானும் மரம் ஏறியவன்தான். 2011 டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கோடாலியையும் இழுப்பு ரம்பத்தையும் வைத்துக்கொண்டு அவ்வளவு மரத்தை எந்தக் காலத்தில் அறுப்பது? வெளியூரிலிருந்து செயின் சாவோடு வந்தவர்களிடம் கிளை இழுத்துப் போடும் ஆளாகச் சேர்ந்தேன். அந்த மிஷினை நான் முதன்முதலில் கையில் பிடித்தது அப்போதுதான். என்னைப் போலவே எங்கள் ஊர்ப் பையன்கள் பலரும் அந்தப் புயலுக்குப் பிறகுதான் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பழகியதுதான்.

அதன் பிறகு 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். ஒவ்வொரு முறையும் விடிவதற்குள் எங்களுக்குத்தான் போன் வரும். ஆம்புலன்ஸ் போக வழியில்லை, கம்பி மேல் மரம் விழுந்துவிட்டது, வீட்டு ஓட்டின் மேல் கிளை கிடக்கிறது என்று கூப்பிடுவார்கள். நாங்களும் கூலி பேசாமல் ஓடுவோம். அதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் கிடையாது. நாங்கள் எதைக் கட்டிக்கொண்டு ஏறுகிறோம், எந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறோம் என்பதைத் தாங்கள் ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஃபெஞ்சல் ஓய்ந்த இரண்டாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். என் மச்சானுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் பெருங்கிளை முறிந்து, கீழே விழாமல் இன்னொரு கவையில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. லாரி கட்டும் நைலான் கயிற்றை இடுப்பில் சுற்றி, மறுமுனையை மரத்தில் கட்டிக்கொண்டு இருபதடி உயரத்தில் நின்று அறுத்தான். மிஷினின் மூக்கு, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான கைடு பாரின் முனை, பின்னால் இருந்த சின்னக் கிளையில் பட்டது. பட்டதும் மிஷின் மேல்நோக்கி எகிறியது. செயின் சா பிடித்தவர்களுக்கு இந்த எகிறல் தெரியும். முனையின் மேல்பாதி எதிலாவது இடித்தால் கண் மூடித் திறப்பதற்குள் பார் ஆளின் முகத்துக்கு வந்துவிடும். மச்சான் தலையைத் திருப்பிக்கொண்டான், முகம் தப்பியது. செயின் இடுப்புக் கயிற்றில் பட்டது. பாரம் தாங்கி விறைத்து நிற்கிற கயிறு செயின் பட்டால் ஒரு நொடி தாங்காது. விழுந்ததில் இரண்டு குதிகாலும் நொறுங்கிவிட்டன.

அந்தக் கயிற்றின் அறுந்த முனை இன்றும் என் பட்டறையில் ஆணியில் தொங்குகிறது. ஒரு பக்கம் பஞ்சாகப் பிரிந்திருக்கிறது, மறுபக்கம் சூட்டில் உருகிக் கெட்டிப்பட்டிருக்கிறது. மச்சான் இப்போது அதற்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் செயினுக்கு அரம் போட்டுக் கொடுக்கிறான். முப்பத்து நான்கு வயது. இனி மரம் ஏற முடியாது.

ஐயா, அந்த மிஷினைப் பழுது பார்த்துக் கொடுத்தவன் நான். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். புயலுக்கு ஒரு மாதம் முன்பு பிரேக் பட்டை அறுந்து என்னிடம் வந்தது. செயின் சாவில் முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு இருக்கும். மிஷின் எகிறும்போது அந்தத் தடுப்பு கையில் இடித்து முன்னால் சாயும். உடனே செயினை ஓட்டும் கிளட்ச் டிரம்மைச் சுற்றியிருக்கும் எஃகுப் பட்டை இறுகும், ஓடுகிற செயின் அங்கேயே நின்றுவிடும். உயிரைக் காப்பாற்றும் பாகம் அதுதான். அந்த ஸ்பேர் கடலூரில் கிடைக்கவில்லை. சென்னைக்கோ கோவைக்கோ சொல்லி பார்சலில் வரவழைக்க வேண்டும். மழை வருகிறது, வேலைக்கு மிஷின் வேண்டும் என்றான். பிரேக் இல்லாமலே பூட்டிக் கொடுத்துவிட்டேன். பிரேக் இருந்திருந்தால் செயின் நின்றிருக்கும். நடுவில் கம்பி ஓடும் இடுப்புக் கயிறு இருந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் அறுந்திருக்காது. இரண்டாவதாக ஒரு கயிறு மேலே கட்டியிருந்தால், ஒன்று அறுந்தாலும் தொங்கியிருப்பான். மூன்றும் இல்லை.

இது ஒரு மிஷினின் கதை இல்லை. என் பட்டறைக்கு வருகிற மிஷின்களில் பிரேக் வேலை செய்யாதவை பல. சிலவற்றில் தடுப்பையே கழற்றி வைத்திருப்பார்கள். பின் கைப்பிடியை உள்ளங்கையால் சேர்த்துப் பிடித்தால்தான் விசையை அழுத்த முடியும் என்று ஒரு பூட்டு இருக்கும், அதை சைக்கிள் டியூபால் கட்டி வைத்திருப்பார்கள். செயின் அறுந்தால் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு கொக்கி இருக்கும், அது உடைந்து வெகுநாள் ஆகியிருக்கும். ஸ்பேர் கையெட்டும் தூரத்தில் இல்லாததால் இப்படி ஆகிறது. அவர்கள் அலட்சியக்காரர்கள் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

எரிபொருள் விஷயமும் உண்டு. இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. புயலன்று பங்க் மூடியிருக்கும். பைக்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி அப்படியே ஊற்றி ஓட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். போன மழையில் மட்டும் அப்படி சீஸ் ஆன மிஷின்கள் என்னிடம் வரிசையாக வந்தன. அப்புறம் இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு மழைக்கு வாங்கிய மிஷினை டேங்கில் பெட்ரோலோடு ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டு அடுத்த நவம்பரில் எடுத்தால், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயஃப்ரம் விறைத்துப் போயிருக்கும், பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் பிசின் போல அடைத்திருக்கும். கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. பொது வேலைக்கென்று வாங்கி வைத்த மிஷின்களை அப்படியே ஆட்டோவில் போட்டு என்னிடம் கொண்டு வந்ததுண்டு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும், மரம் ரோட்டில் கிடக்கும், நான் உள்ளே டார்ச் வெளிச்சத்தில் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பேன். ஆகஸ்டிலேயே பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை.

செயின் கூர்மை இன்னொன்று. நல்ல செயின் மரத்தைச் சில்லு சில்லாகத் தள்ளும், மழுங்கியது மாவாக அரைக்கும். மாவு விழுந்தால் ஆள் மிஷினை அழுத்த ஆரம்பிப்பார், அழுத்தினால் கை சோரும், அங்கேதான் விபத்து. வெள்ளத்தில் கிடந்த மரத்தின் பட்டைக்குள் மணல் ஏறியிருக்கும். சாலையோர மரங்களில் விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணிகள் உள்ளே புதைந்திருக்கும். செயின் சீக்கிரமே போய்விடும். அளவான உருட்டு அரம் (.325 அங்குல அளவுச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர்), 30 டிகிரி சாய்வு, பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டை எவ்வளவு தேய்க்கலாம் என்ற கணக்கு, இவ்வளவுதான். ஒரு மத்தியானத்தில் கற்றுக் கொடுக்கலாம். கற்றுக் கொடுக்கத்தான் இடமில்லை.

ஏறும் கருவி பற்றி ஒரு வேண்டுகோள். "சேஃப்டி பெல்ட் கொடுங்கள்" என்று கேட்டால் கட்டட வேலைக்கான பெல்ட்டை மொத்தமாக வாங்கிக் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அதில் வளையம் முதுகில் இருக்கும். விழுந்தவரைத் தாங்க அது சரி. மரத்தில் இரண்டு கையும் மிஷினில் இருக்கும், உடம்பைக் கயிற்றில் சாய்த்துத்தான் நிற்க முடியும். அதனால் இடுப்பின் இரு பக்கமும் முன்னாலும் வளையம் உள்ள ஹார்னஸ், அதாவது இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டைதான் எங்களுக்கு உதவும். கூடவே உள்ளே எஃகுக் கம்பி ஓடும் இடுப்புக் கயிறு, உறை போட்ட 12 அல்லது 13 மில்லிமீட்டர் ஏறு கயிறு, தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கிகள், தாடைப் பட்டையும் கண் வலையும் காது மூடியும் உள்ள ஹெல்மெட், செயின் பட்டால் நூல் பிரிந்து பல்சக்கரத்தைச் சிக்க வைக்கும் கால்சட்டை. கடல் காற்றில் கொக்கிகள் உப்புப் பூத்துவிடும் என்பதால் நல்ல தண்ணீரில் கழுவி வைக்க வேண்டும். ஒவ்வொரு கயிற்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, என்று வாங்கியது, யார் எடுத்தது, எங்கே உரசியது என்று எழுத வேண்டும். ஒருவர் விழுந்து பாரம் தாங்கிய கயிற்றை மறுபடி யாருக்கும் கொடுக்கக் கூடாது. இவ்வளவையும் தனி ஆளாக வாங்க எங்களில் யாருக்கும் வசதி இல்லை. வாங்கினாலும் வருடத்தில் சில வாரம்தான் உபயோகம். அதனால்தான் பொதுவில் வைத்து இரவல் தரும்படி கேட்கிறோம்.

தென்னை ஏறுகிறவர்களுக்கு மத்திய அரசின் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று பயிற்சி கொடுக்கிறது, கேரா சுரக்ஷா என்ற விபத்துக் காப்பீடும் வைத்திருக்கிறது. பனைத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியமே இருக்கிறது. நல்ல விஷயம். அதே உயரத்தில், செயின் சாவையும் தூக்கிக்கொண்டு, புளியும் வேம்பும் தூங்குமூஞ்சியும் ஏறுகிற எங்களுக்கு மட்டும் பெயர் சொல்லிக்கொள்ள ஒரு அட்டை கூட இல்லை. மச்சானின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நாங்கள் ஊரில் கைமாற்றுதான் வாங்கினோம்.

ஆகவே தாங்கள் செய்து தர வேண்டியவை:

கடலூர் அரசு ஐ.டி.ஐ.யிலோ, வேளாண் பொறியியல் துறையின் பட்டறை எதிலாவதோ செயின் சாவுக்கென்று ஒரு மேஜை ஒதுக்கி, பிரேக் பட்டை, டயஃப்ரம், கொக்கி, செயின், அரம், டூ ஸ்ட்ரோக் ஆயில் இவற்றை விலைக்குக் கிடைக்கும்படி இருப்பு வைக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பருக்குள், அரசு அலுவலகங்களின் மிஷின்களும் எங்கள் மிஷின்களும் அங்கே ஒரு முறை சோதிக்கப்பட வேண்டும். பிரேக் பிடிக்காத மிஷினுக்கு வேலை கொடுக்கக் கூடாது. எங்களுக்கு அது கஷ்டம்தான், இருந்தாலும் தெரிந்தே கேட்கிறேன்.

முதல் கட்டமாகக் கடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்களில் மேலே சொன்ன ஏறும் கருவிகள் இரண்டிரண்டு செட் வைக்க வேண்டும். இரண்டு என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. மேலே ஒருவர் மயங்கித் தொங்கினால் சில நிமிடத்துக்குள் இறக்கியாக வேண்டும். கீழே இருப்பவரிடமும் ஏறுவதற்குக் கருவி இருந்தால்தான் அது நடக்கும். பேரிடர் உதவிக்கு அரசு சேர்த்திருக்கும் ஆப்த மித்ரா தன்னார்வலர்களுக்குக் கொடுப்பது போல எங்களுக்கும் கயிறு, ஏற்றம், இறக்குதல், முதலுதவி ஆகியவற்றில் பயிற்சி கொடுத்து, அடையாள அட்டையும் விபத்துக் காப்பீடும் தர வேண்டும். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் எங்களைச் சேர்க்க வழி இருந்தால், தொழிலாளர் துறை அதிகாரிகள் ஒரு நாள் முகாம் போட்டுப் பதிவு செய்து தர வேண்டும்.

மின்கம்பி பக்கத்தில் எங்களை ஏற்றும்போது லைன் கிளியர் (கம்பியில் மின்சாரத்தை நிறுத்தியதற்கான அனுமதி) வாங்கியாயிற்று என்று வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது. மின்வாரிய ஊழியர் ஒருவர் ஸ்பாட்டில் நின்று, கம்பிக்கு எர்த் போட்டுக் காட்டிய பிறகே ஏறச் சொல்ல வேண்டும். கரண்ட் போன வீடுகளில் ஜெனரேட்டர் ஓடும்போது சில இடங்களில் அது திரும்பி லைனுக்குள் வருகிறது.

பயிற்சிக்கு இடமும் நாளும் சொன்னால், அரம் போடுவதையும் பிரேக் சோதிப்பதையும் கார்புரேட்டர் சுத்தம் செய்வதையும் நான் சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறேன். மச்சானும் வருவதாகச் சொல்லியிருக்கிறான், உட்கார ஒரு நாற்காலி மட்டும் வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்தத் தொழில் செய்கிறவர்களின் கையொப்பத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அறுந்த அந்தக் கயிற்றையும் கொண்டுவந்திருக்கிறேன், தாங்கள் கேட்டால் காட்டுகிறேன்.

மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இந்த மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: தொழிலாளர்களின் கையொப்பத் தாள்