600 யூனிட்டைத் தாண்டும் முன்பே சொல்லுங்கள்

எரிசக்தி ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கோலாலம்பூர், செந்தூலில் உள்ள ஓர் அடுக்குமாடியிலிருந்து எழுதுகிறேன். மின்சார பில் வந்ததும் எங்கள் புளோக்கில் உள்ள பெரியவர்கள் சிலர் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ஏன் தம்பி, இந்த மாசம் இவ்வளவு ஏறிடுச்சு?"

கீழ்வீட்டு அம்மா கணவரின் ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துபவர். மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தார். பச்சைக்குழந்தைக்காக ஏர்கோன் இரவும் பகலும் ஓடியது. குளிக்க வைக்க வெந்நீர், துணி துவைக்க இயந்திரம் எனச் செலவு கூடிக்கொண்டே போய், பில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. மின்சார நிறுவனத்தின் முகப்பிடத்தில் போய்க் கேட்டதற்கு, மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது, கட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மீட்டர் சரிதான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு விஷயம் தெரிந்தபோது மாதம் முடிந்துவிட்டது. பாதி மாதத்தில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பகலில் காற்றாடியைப் போட்டுக்கொண்டு இரவுக்கு மட்டும் ஏர்கோனை வைத்திருப்பார்கள்.

2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள கட்டண முறை குறைவாகப் பயன்படுத்துவோருக்கு நன்மை செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை. 300 யூனிட் பயன்படுத்தும் வீட்டின் கட்டணம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. பிரச்சினை 600 என்ற எல்லைக்கோட்டில்தான். 600 யூனிட் வரை, சில்லறைக் கட்டணம் என்ற பெயரில் மாதாமாதம் வரும் நிலையான 10 வெள்ளி (ரிங்கிட்) கிடையாது. எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் கூடிக் குறையும் சரிக்கட்டலும் கிடையாது. 601 ஆனதும் இரண்டும் வந்து சேர்கின்றன. எல்லைக்கு மேல் உள்ள பயன்பாட்டுக்கு 8 விழுக்காடு சேவை வரி வேறு. சிக்கனத்துக்கான கட்டணக் கழிவும் யூனிட்டுக்கு 9 சென்னிலிருந்து 7.5 சென்னாக இறங்குகிறது. அதுவும் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அந்த மாதத்து மொத்தப் பயன்பாட்டுக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், சரிக்கட்டலைச் சேர்க்காமலே, அந்த ஒரு யூனிட்டுக்காகக் கட்டணம் 19 வெள்ளிக்கு மேல் கூடுகிறது. ஓய்வூதியத்தில் வாழும் வீட்டுக்கு அது பெரிய பணம்.

இந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் இன்று எத்தனையாவது யூனிட்டில் நிற்கிறோம் என்று தெரியாது. மீட்டர் கீழ்த்தளத்தில் பூட்டிய அறையில் இருக்கிறது. ஆனால் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளில் அரை மணிக்கு ஒருமுறை அளவு பதிவாகி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கிறது. செயலியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் பார்த்துக்கொள்வார். எழுபது வயதில் பழைய பட்டன் கைப்பேசியை வைத்திருப்பவர் என்ன செய்வார்?

ஆகவே, மின் விநியோகத்துக்கு உரிமம் வழங்கும் நீங்கள் ஒரு நிபந்தனை விதிக்க வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீட்டில் பயன்பாடு 500 யூனிட்டைத் தொட்டதுமே குறுஞ்செய்தி போக வேண்டும். "500 யூனிட் ஆகிவிட்டது, மாதம் முடிய 9 நாள் இருக்கிறது" என்கிற அளவுக்கு இருந்தால் போதும். மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் இவற்றில் வீட்டார் கேட்கும் மொழியில் அனுப்புங்கள். எண்ணைப் பார்த்ததும் எந்தப் பொருளை அணைப்பது என்று வீட்டுக்காரருக்கே தெரியும்.

அப்புறம், தவணை. ஒரு வீட்டின் பில் முந்தைய மூன்று மாதச் சராசரியைப் போல் இரு மடங்கானால், தவணையாகக் கட்டலாம் என்ற தகவல் அந்த பில்லிலேயே அச்சாகி வரட்டும். கேட்டால் கொடுப்போம் என்பது சரிப்படாது. எங்கள் பெரியவர்கள் கேட்கக் கூச்சப்படுபவர்கள். மருந்துச் செலவைக் குறைத்துக்கொண்டாவது முழுத்தொகையையும் கட்டிவிட்டு வருவார்கள்.

2020-இல் கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது மீட்டர் வாசிப்பு நின்று, பிறகு சில மாதக் கணக்கு ஒன்றாக வந்து விழுந்ததும் நாடே பதறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று வீடு வீடாக ஆள் போய் அளவெடுக்க வேண்டியிருந்தது. இன்று அளவு உட்கார்ந்த இடத்துக்கே வந்துவிடுகிறது.

ஏப்ரல், மே மாத வெக்கையில் எங்கள் புளோக்கில் ஏர்கோன் இல்லாமல் கைக்குழந்தையும் நோயாளியும் தூங்க முடிவதில்லை. அடுத்த வெயில் காலத்துக்குள் இந்த குறுஞ்செய்தி ஏற்பாட்டை ஒரு வட்டாரத்திலாவது தொடங்கிப் பாருங்கள். செந்தூலிலேயே தொடங்கலாம். இங்கே வீடு வீடாகப் போய் விளக்கிச் சொல்ல நானும் அக்கம்பக்கத்து இளைஞர்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
செந்தூல்வாசி ஒருவர்