வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே கட்டணத்தை எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள்: பார் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மணவிலக்கு, ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு, உறவுக்குள் தத்து ஆகிய காரியங்களுக்காக ஒரு வழக்கறிஞரை நாடி வருகிறவரிடம், வாதாட வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் பத்திரமான வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே, கட்டணம் எவ்வளவு, அதற்குள் எந்தெந்த வேலைகள் அடங்கும், எவற்றுக்குத் தனியாகக் கேட்கப்படும் என்பதைத் தமிழில் எழுதி, வழக்கறிஞர் கையெழுத்திட்டுக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டே இந்த மடலை எழுதுகிறேன். வாங்கும் தொகைக்கு ரசீது தருவதும், வழக்கறிஞரை மாற்ற நேர்ந்தால் வழக்குக் கட்டை, அதாவது வழக்கு ஆவணங்களின் தொகுப்பை, உடனே திருப்பித் தருவதும் இதே கோரிக்கையின் பகுதிகள்.

குடும்ப நீதிமன்ற வராந்தாக்களில் நடப்பவற்றை நான் விளக்கித் தாங்கள் அறியவேண்டியதில்லை. என் தங்கைக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். கணவர் தொடுத்த மணவிலக்கு வழக்கில் அவள் எதிர்மனுதாரர். ஏழு வயது மகள் அப்பாவின் வீட்டில் இருக்கிறாள். முதல் சந்திப்பில் அவள் நாடிய வழக்கறிஞர் ஒரு தொகையைச் சொல்லி, "முழு கேஸுக்கும் சேர்த்துத்தான்" என்றார். நகையை அடகு வைத்து அதைக் கொடுத்தாள். பிறகு கணவரின் மனுவுக்குப் பதிலாகத் தாக்கல் செய்யும் எதிருரைக்குத் தட்டச்சுச் செலவு என்றார்கள். இடைக்கால ஜீவனாம்ச மனுவுக்கு, அது வேறு நம்பர், வேறு ஃபீஸ் என்றார்கள். வாய்தாவுக்கு வாய்தா ஜூனியருக்கு என்று ஒரு தொகை. பணம் குமாஸ்தாவின் கைப்பேசி எண்ணுக்குப் போயிற்று. ரசீது என்ற சொல்லை அங்கே யாரும் உச்சரித்ததில்லை. கணக்குக் கேட்ட நாளில், நம்பிக்கை இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பதில்தான் கிடைத்தது.

அவள் வேறு ஒருவரைப் பார்த்தாள். தொல்லை அங்கேதான் முற்றியது. புதிய வழக்கறிஞர் வக்காலத்து தாக்கல் செய்யப் பழையவரின் ஆட்சேபணையின்மைக் கையெழுத்தும், வழக்குக் கட்டும் வேண்டும். திருமணப் பதிவுச் சான்றும், மகளின் பிறப்புச் சான்றும் அசலாகவே அந்தக் கட்டுக்குள் இருந்தன. நானும் அவளுடன் போயிருந்தேன். குமாஸ்தா அலமாரியிலிருந்து அவள் பெயர் எழுதிய கட்டை எங்கள் கண்ணெதிரே எடுத்தார். அடுத்த வாய்தா தேதியைப் பார்த்து ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொடுத்தார். "பாக்கியைத் தீர்த்துட்டு வாங்கம்மா, சார் சொல்லாமத் தர முடியாது" என்று சொல்லிவிட்டு அதை மீண்டும் அலமாரியில் வைத்தார். எந்தப் பாக்கி, எவ்வளவு பாக்கி என்பதற்கு எழுத்து எதுவும் இல்லை.

கோடை விடுமுறையில் மகளைச் சில வாரங்கள் தன்னிடம் அனுப்பும்படி கேட்கும் மனு இதனால் தாக்கலாகவில்லை. பழைய வழக்கறிஞர் சம்மதிக்காவிட்டால் நீதிமன்றத்தின் அனுமதியோடு வக்காலத்தை மாற்றலாம் என்பது உண்மைதான், அப்படித்தான் மாற்றினோம். அதற்குள் பள்ளி திறந்துவிட்டது. அந்த விடுமுறையில் குழந்தைக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. பள்ளி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பார்த்துத்தான் பெற்ற தாய்க்கு அது தெரிந்தது. கட்டணத் தகராறுக்காக ஒரு தாயின் விடுமுறைக் காலத்தைப் பிடித்து வைக்கும் உரிமையை எந்தச் சட்டமும் எவருக்கும் கொடுக்கவில்லை.

கொடுக்கவில்லை என்பதை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டை நிறுத்திவைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்றும், அப்படிச் செய்வது தொழில்முறைத் தவறு என்றும் 2000-ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் அதன் நகலைத் தரவேண்டும் என்று இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளும் கூறுகின்றன. விதி இருக்கிறது; அதை எடுத்துக்காட்டிக் கேட்கக் கட்சிக்காரரின் கையில் ஒரு காகிதம்தான் இல்லை.

வேறு எங்கே போவது என்பதையும் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கறிஞரின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தை அணுக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பதால், கட்டணத்தையும் அனுபவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. யாரோ சொன்ன பெயரை நம்பித்தான் போகிறோம். தனியாக இன்னொரு வழக்குத் தொடுக்காமல் எஞ்சியிருப்பது, வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின் கீழ்த் தங்களிடம் தரும் புகார் ஒன்றுதான். வாய்மொழியாகப் பேசி, ரசீதில்லாமல் கொடுத்த பணத்தைப் புகார்தாரர் எதைக் காட்டி நிரூபிப்பார்? ஆகவேதான் எழுத்தில் வேண்டும் என்கிறேன்.

இலவசச் சட்ட உதவி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் அந்த உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இந்த விவரத்தை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும். ஆனால், சட்டப் பணிகள் ஆணைக்குழு நியமிக்கும் வழக்கறிஞரும் முதலில் கேட்பது அதே கட்டைத்தான்.

தத்து விஷயத்திலும் இதே நிலைமை. இறந்துபோன அக்காளின் பிள்ளையைத் தத்தெடுக்க விரும்பிய உறவினர் ஒருவரிடம், நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும் என்று சொல்லி ஒரு வழக்கறிஞர் முன்பணம் வாங்கியிருக்கிறார். இளைஞர் நீதிச் சட்டத்தின்படி உறவுக்குள் எடுக்கும் தத்துக்கு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாகச் செல்லவேண்டிய காரியம் அது. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் தத்துச் சட்டம் தனி வழியாக இருக்கிறது. எந்த வழி, ஏன் அந்த வழி, அதில் வழக்கறிஞருக்கு என்ன வேலை என்று முதல் நாளே எழுதித் தரவேண்டியிருந்தால், அந்தப் பணம் கைமாறியிருக்காது.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. பரஸ்பர சம்மத மணவிலக்கில் ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தும், அப்படி ஒரு மனு உண்டென்பதே எத்தனையோ தம்பதிகளுக்குச் சொல்லப்படுவதில்லை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, கூடுமானவரை, எதிர்தரப்பிடம் அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டம் சொல்கிறது. "சார் வேறு கோர்ட்டில் இருக்கிறார்" என்ற ஒற்றை வரியில் அந்த நாட்கள் கரைகின்றன. வாழ்க்கை உடைந்து வந்து நிற்பவரின் கலக்கத்தை வருமானமாக்கிக்கொள்வது கொடுமை. இப்படிச் சொல்வது கடுமையாகப் பட்டால் பொறுத்தருள வேண்டும். இதைவிட மென்மையாகச் சொல்ல என்னால் இயலவில்லை.

எல்லா வழக்கறிஞர்களையும் நான் குறை கூறவில்லை. தங்கைக்காக இப்போது வாதாடுபவர், வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே தம் லெட்டர்பேடில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். எதிருரை, சாட்சி விசாரணை, வாதம் ஆகியவை சொன்ன தொகைக்குள் அடங்கும். ஒவ்வொரு இடைக்கால மனுவுக்கும் இவ்வளவு. மேல்முறையீடு இதில் சேராது. நீதிமன்றக் கட்டணமும் நகல் செலவும் ஆகிற அளவுக்கு மட்டும். அசல் ஆவணங்கள் கட்சிக்காரரிடமே இருக்கும், தேவைப்படும் நாளில் கொண்டுவந்தால் போதும். எழுதி முடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. அன்றிரவுதான் தங்கை நிம்மதியாகத் தூங்கினாள். ஒருவரால் தாமாகவே செய்ய முடிந்ததை எல்லோருக்கும் விதியாக்குவதில் என்ன சிரமம் இருக்க முடியும்?

விதியாக்கும் அதிகாரம் இந்திய பார் கவுன்சிலிடம்தான் இருக்கிறது என்றால், பரிந்துரை தங்களிடமிருந்து போகட்டும். அதுவரை, வக்காலத்தோடு கட்டண விவரத்தையும் எழுதிக் கொடுக்கும்படியும், கட்டை நிறுத்திவைப்பது தவறு என்பதை நினைவூட்டியும் எல்லா வழக்கறிஞர் சங்கங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அதன் தமிழ்ப் படியைக் கட்சிக்காரர்கள் பார்க்கும்படி ஒவ்வொரு குடும்ப நீதிமன்றத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் செய்யலாம்.

இக்கோரிக்கையைத் தங்கள் அடுத்த கூட்டத்தில் விவாதத்துக்கு எடுத்து, முடிவு எதுவானாலும் அதைத் தமிழில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடும்ப நீதிமன்றத்தில் வழக்குள்ள ஒரு பெண்ணின் அக்கா