திருகுவது குதிகாலை, கிழிவது முட்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செந்தூலில் டாக்சி ஓட்டுகிறேன். என் மகன் ஆறு மாதமாக ஜியு-ஜிட்சு என்ற மல்யுத்தம் போன்ற தற்காப்புக் கலையைக் கற்கிறான். போன மாதம் பயிற்சியில் ஒருவர் அவன் பாதத்தை அக்குளில் இடுக்கி, குதிகாலைக் கையால் கோத்துத் திருகியிருக்கிறார். ஹீல் ஹூக் என்கிறார்கள். வலிக்கவே இல்லையாம், 'டப்' என்று சத்தம்தான் கேட்டதாம். இப்போது எல்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறான்.

திருகுவது குதிகாலைத்தான், ஆனால் கிழிவது முட்டியின் தசைநார். வலி வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். இந்தக் கலையின் அனைத்துலகக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் நடத்தும் போட்டிகளிலேயே 2021-இல்தான் இதை அனுமதித்தார்கள். அதுவும் கி என்ற தடித்த பயிற்சி உடை இல்லாத பிரிவில், உயர் நிலையான பிரவுன், பிளாக் பெல்ட் பெரியவர்களுக்கு மட்டும். இப்போதுதான் தொடங்கிய வெள்ளை பெல்ட் பையனுக்கு, காலைத் திருகாமல் கணுக்காலை நேராக நெருக்கும் 'நேர்க் கணுக்கால் பூட்டு' பிடி போதாதா?

பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தற்காப்பை முதலில் சொல்லித் தரட்டும்: குதிகாலை மறைப்பது, எதிராளியின் கால்களுக்கு நடுவிலிருந்து முட்டியை உருவுவது, முடியாவிட்டால் வெட்கப்படாமல் உடனே கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது. மகன் பதறிப்போய்த் தப்பான பக்கம் உருண்டானாம். சரியான பக்கம் எது என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை.

பயிற்றுநரைக் கேட்டேன். "அண்ணே, விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும்" என்றார். மாதம் பிறந்ததும் கட்டணம் கேட்க மட்டும் மறப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு தகப்பன், செந்தூல், கோலாலம்பூர்