காந்தம் ஒட்டாத கதவு

அன்புள்ள நண்பா,

நான் நலம். உன் கடைசி இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. சின்னவளுக்குப் பரீட்சை முடிந்ததா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் அப்பாவின் வண்டியைச் சின்ன மாதிரி வடிவமாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஜீப் என்று எழுதப் போனேன். "அது ஜீப் இல்லடா, லேண்ட் ரோவர்" என்று அவர் அதட்டுவது கேட்டது, நிறுத்திக்கொண்டேன்.

நிஜ வண்டியில் 24-ல் ஒரு பங்கு அளவு. ஒரு சாண் நீளம்கூட வராது. ஒட்டிப் பச்சை அடித்து முடிக்கப் பத்து நாள்தான் ஆனது. அப்புறம் அதைப் பழசாக்க உட்கார்ந்தவன், மூன்று மாதமாக அதே மேஜையில்தான் இருக்கிறேன்.

முதலில் வழக்கமான முறையில் செய்தேன். அடியில் துரு நிறம், அதன்மேல் ஹேர் ஸ்ப்ரே, அதற்கும் மேல் அக்ரிலிக் பச்சை. பச்சை காய்ந்ததும் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்தால், ஹேர் ஸ்ப்ரே கரைந்து பெயின்ட் செதில் செதிலாக உரியும். உள்ளே இருக்கும் துரு எட்டிப் பார்க்கும். கதவு, பானட், பக்கத் தகடு எல்லாவற்றையும் ஆசை தீர உரித்தேன். அவ்வளவு அழகாக வந்தது. ராத்திரி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் காந்தம் ஞாபகத்துக்கு வந்தது.

கதவில் ஒட்டுங்கடா பார்ப்போம் என்று நம் கையில் கொடுத்தாரே! ஒட்டவில்லை என்று நீ அழுதாயே, மறுக்காதே. அலுமினியக் கதவு எப்படித் துருப்பிடிக்கும்? 1948-ல் லேண்ட் ரோவர் முதன்முதலில் வந்தபோது, போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால்தான் உடம்புக்கு அலுமினியக் கலவை போட்டார்கள் என்று அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அத்தனையையும் துடைத்தெடுத்தேன். இந்த முறை அடியில் மங்கிய வெள்ளி. துரு அதற்கு உரிய இடத்தில் மட்டும்: சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், பட்டை ஸ்பிரிங், சக்கர ரிம். கதவுக்கு உள்சட்டம் எஃகு, மேல்தகடு அலுமினியம். இரண்டும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தால் அலுமினியம்தான் அரிபடும். பெயின்ட் கொப்புளம் விடும், வெள்ளையாகத் தூள் பூக்கும். அந்தக் கொப்புளங்களைக் கெட்டியான ப்ரைமரால் (அடிப்பூச்சு பெயின்ட்) ஊசிமுனையில் தொட்டுத் தொட்டு வைத்தேன். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ வண்டியில் 24 மில்லிமீட்டர். ஒரு புள்ளி பெரிதானாலும் வேலை கெட்டது. பதினோரு கொப்புளத்துக்கு இரண்டு சாயங்காலம் போனது.

முன்கண்ணாடியில் புழுதி பூசி, வைப்பர் துடைத்த அரைவட்டத்தை மட்டும் தெளிவாக விட்டிருந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டிய வேலை. ஆனால் வண்டி சும்மா நின்ற கடைசி நான்கு வருஷம் அந்த வைப்பரை யார் போட்டார்கள்? அழித்துவிட்டேன். ஓடுகிற வண்டியின் அழுக்கு வேறு, நிற்கிற வண்டியின் அழுக்கு வேறு. ஓடுகிற வண்டியில் சேறு சக்கரத்திலிருந்து வாரியடிக்கும். நிற்கிற வண்டியில் எல்லாம் மேலிருந்து கீழேதான் வரும். பின்கதவில் ஆயில் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்து, அதைக் கரைக்கிற வைட் ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் நேர் கீழாக ஓர் இழுப்பு இழுத்தேன். எத்தனையோ மழை இறங்கிய தடம் வந்துவிட்டது.

டயரின் அடியை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கினேன், காற்றிறங்கி உட்கார்ந்த மாதிரி. அப்போது கை ஓடவில்லை. அவர் வாராவாரம் காற்று பார்த்த டயர் அல்லவா? உன்னைக் கேட்காமல் இதைச் செய்யலாமா என்று இரண்டு வாரம் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். ஆனால் பளபளவென்று செய்தால் அது கடையில் வாங்கிய பொம்மை மாதிரி இருக்கிறதடா. அவர் படுத்த பிறகு அது நின்ற கோலம்தான் என் கண்ணில் இருக்கிறது. ஓட்டுகிற பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றி, அவர் கை பட்டுப் பட்டுப் பெயின்ட் போய் வழவழவென்று இருக்குமே, அங்கே மட்டும் தூசி வைக்கவில்லை. பென்சில் தூளை விரல் நுனியில் தொட்டுத் தேய்த்தேன். சரியாக அதே மினுமினுப்பு.

இப்போது நீ ஒன்று சொல்ல வேண்டும். மதிலோரமாக நின்றதே, எந்தப் பக்கம் மதிலை ஒட்டி இருந்தது? வெயில் படுகிற பக்கம் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகும். மதில் பக்கம் பச்சை அப்படியே இருக்கும், ரப்பர் ஓரங்களில் பாசி பிடிக்கும். வலப்பக்கம் என்றுதான் எனக்கு நினைவு. ஆனால் வலப்பக்கம் மதில் என்றால் அவர் எப்படி இறங்கியிருப்பார்? அம்மாவைக் கேட்டு எழுது. அதுவரை பாசி நிற பெயின்ட் டப்பாவைத் திறக்க மாட்டேன்.

உன் நண்பன்