போஸ்டரில் இருந்த தமிழ் போனில் இல்லை

அனுப்புநர்:
வீட்டுப் பலகாரத் தொழில் செய்யும் வாடிக்கையாளர்,
கோட்டையூர், காரைக்குடி அருகில்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
கைப்பேசி நிறுவனத்தின் இந்தியத் தலைமை அலுவலகம்.

பொருள்: போனில் பேசுவதைத் தமிழில் எழுத்தாக்கும் வசதி உண்டு என்று விளம்பரத்தில் சொல்லிவிட்டு, அதைத் தராமல் அடுத்த மாடலுக்கு ஒதுக்கி வைப்பது – விளக்கமும் பணமும் கேட்டு.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் விலை உயர்ந்த மாடலை 64,999 ரூபாய் கொடுத்து, காரைக்குடியில் நீங்கள் அங்கீகரித்த கடையிலேயே வாங்கினேன். எந்த வசதிக்காக வாங்கினேனோ, அது இன்றுவரை போனில் இல்லை. வருமா என்று கேட்டால் உங்கள் ஆட்கள் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். இதற்கிடையில், அது அடுத்த மாடலில்தான் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. வாய்வார்த்தையாகக் கேட்டது போதும் என்று எழுத்தில் கேட்கிறேன்.

நான் கேமராவுக்காகப் போன் வாங்குகிற ஆள் இல்லை. வணிகவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது வீட்டிலேயே தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம் என்று செய்து அனுப்புகிறேன். ஆர்டர் எல்லாம் போனில்தான். சென்னையிலிருந்தும் சிங்கப்பூர், பினாங்கிலிருந்தும் ஆச்சிமார்கள் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. “சாந்திக் கல்யாணத்துக்குத் தேன்குழல் இருநூறு வேணும், பாதிக்கு எள்ளு போடாதீக, சம்பந்தி வீட்டுக்குத் தனியாக் கட்டுங்க” என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். நடுவில் யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்பதும் வந்துவிடும். போனை வைக்கும்போது, “தேன்குழல் நூத்தம்பது போதும் ஆச்சி” என்று கணக்கு மாறும். அந்த நேரம் என் இரண்டு கையிலும் மாவு இருக்கும்.

ஆகவே பேசியதைப் பேசியபடியே தமிழில் எழுதி வைக்கும் போன் என்றால் எனக்கு அது தொழில் சாமான். உங்கள் போஸ்டர் அதைத்தான் சொன்னது. கடை வாசலில் ஆள் உயரத்துக்கு நின்றது: “உங்கள் அழைப்புகள் இனி தமிழிலேயே எழுத்தாகும்.” ஒரு பாட்டி போனில் பேசுவது போலவும், அவர் பேசுவது பக்கத்தில் தமிழ் எழுத்தாக ஓடுவது போலவும் படம். அடியில், முழங்காலுக்கும் கீழே, சாம்பல் நிறத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. மொழியையும் பகுதியையும் பொறுத்து வசதி மாறுபடலாம் என்பது அதன் சாரம். நான் ஆங்கிலம் படித்தவள்தான். ஆனால் அதைப் படிக்கக் கடை வாசலில் குத்தவைத்து உட்கார வேண்டும். “அப்டேட்ல வந்துரும் ஆச்சி, அடுத்த மாசமே” என்று கடைத் தம்பி சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நீங்கள் கொடுத்த பயிற்சியில் அப்படித்தான் சொல்லச் சொன்னார்களாம்.

போனில் நிலவரம் இதுதான். அமைப்புகளுக்குள் போய், அழைப்பை எழுத்தாக்கும் வசதியைத் திறந்தால் மொழிப் பட்டியல் வருகிறது. ஆங்கிலமும் இந்தியும் கறுப்பு எழுத்தில் இருக்கின்றன, தொட்டால் வேலை செய்கின்றன. தமிழ் மட்டும் மங்கலாக, பக்கத்தில் “விரைவில்” என்ற பட்டத்தோடு இருக்கிறது. தொட்டால் அசைவதே இல்லை. அப்புறம் அப்டேட்டுகள் வந்தன. முகப்புப் படம் மாறியது, ஐகான்கள் உருண்டையாயின, புதிதாக ஸ்டிக்கர்கள் சேர்ந்தன. தமிழ் மங்கலாகவே இருக்கிறது. இப்போது ஆர்டர் நேரத்தில் குறித்துக்கொள்ள அடுத்த வீட்டுப் பெண்ணைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன்.

உங்கள் சேவை மையத்தில் முதலில், வசதி படிப்படியாக வரும் என்றார்கள். அடுத்த முறை, இந்த மாடலின் சிப் அதற்குப் போதாமல் இருக்கலாம் என்றார்கள். அது எப்படி? இதே போனில், இதே சிப்பில், இந்தி எழுத்தாகிறதே! வேலை போனுக்குள்ளேயே நடக்கிறது என்றால், இந்தியைத் தாங்குகிற சிப் தமிழை மட்டும் தாங்காது என்பதற்குக் காரணம் சொல்லுங்கள். உங்கள் சர்வரில் நடக்கிறது என்றால் என் சிப்புக்கும் அதற்கும் பேச்சே இல்லை. இரண்டில் எது என்று கேட்டதற்கு, காதில் மாட்டும் இயர்பட்ஸ் வாங்கத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள்.

கடைசியாக வந்த மின்னஞ்சல்தான் என்னை இந்தக் கடிதத்துக்குக் கொண்டுவந்தது. “இணையத்தில் உலவும் உறுதி செய்யப்படாத தகவல்களுக்கு நிறுவனம் பொறுப்பாகாது” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது உங்கள் போஸ்டரைப் பற்றி. நீங்கள் பதில் சொன்னது வதந்தியைப் பற்றி.

சரி, வதந்தியைப் பற்றியே பேசுவோம். இந்தத் துறையில் உண்மையாகவே நழுவிய ரகசியமும் உண்டு. 2010-ல் வெளிவராத ஐபோன் 4-ஐ ஆப்பிள் ஊழியர் ஒருவர் கலிபோர்னியாவில் மதுக்கடையில் விட்டுவிட்டு வர, அது செய்தித்தளத்தின் கைக்குப் போய்ப் படத்தோடு வெளியானது. தானே கொடுத்த ரகசியமும் உண்டு. 2019 ஜூனில் பிக்சல் 4-இன் பின்பக்கப் படத்தை கூகுளே வெளியிட்டது. போன் வந்தது அக்டோபரில். உங்களுடையது எந்த வகை என்று நான் ஊகிக்க வேண்டியதே இல்லை. உங்கள் அதிகாரப்பூர்வப் பக்கத்திலேயே போனின் ஓரம் மட்டும் தெரிகிற ஒரு இருட்டுப் படம் போட்டு, நடுவில் ‘அ’ என்ற எழுத்தை மின்ன விட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த மாடலில் தமிழ் வருகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு விற்ற அதே ‘அ’ அது.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்பதும் தெரியாமல் இல்லை. உங்கள் போட்டி நிறுவனத்தின் போன் வருவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். அவர்கள் எதைச் சொல்லப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பினால், அது கையில் இருக்கிறதோ இல்லையோ, நீங்களும் சொல்லியாக வேண்டும். பெரிய நிறுவனங்களும் இதில் விழுந்திருக்கின்றன. ஆப்பிள் 2024 ஜூனில், நம் சொந்த விவரங்களையெல்லாம் புரிந்துகொண்டு பதில் சொல்லும்படி, போனிலுள்ள தன் குரல் உதவியாளர் சிரி புதிதாக வருகிறது என்று அறிவித்தது. அதை வைத்தே ஐபோன் 16-க்கு விளம்பரமும் செய்தது. 2025 மார்ச்சில், அது தாமதமாகும் என்று சொல்லி விளம்பரத்தை எடுத்துவிட்டது. இல்லாததைச் சொல்லி விற்றார்கள் என்று அமெரிக்காவில் வழக்கும் போட்டார்கள். ஆப்பிளாவது தாமதம் என்று வாயைத் திறந்து சொன்னது.

ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2020-ல் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் இல்லை என்றதும், எங்கள் பெட்டியில் உண்டு என்று சாம்சங் குத்திக்காட்டியது. 2021 ஜனவரியில் எஸ்21 வந்தபோது அதன் பெட்டியிலும் சார்ஜர் இல்லை, கேலிப் பதிவும் காணாமல் போயிருந்தது. ஹெட்போன் துளை விஷயத்தில் கூகுளும் அதையே செய்தது. 2016-இல் ஆப்பிளைச் சீண்டியது, 2017-இல் பிக்சல் 2-இல் தானும் துளையை அடைத்தது. வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி இந்தச் சண்டையில் எந்த இடத்திலும் வரவில்லை.

அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2016-இன் நோட் 7 இருக்கிறது. சாம்சங் அதை ஆகஸ்டில் கடைக்குக் கொண்டுவந்தது. ஐபோன் 7 வருவதற்குள் முந்த அவசரப்பட்டார்கள் என்று அப்போதே செய்தி வந்தது. செப்டம்பரில் 25 லட்சம் போன்களைத் திரும்ப அழைத்தார்கள். மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடிக்க, அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். எங்கள் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் எனக்கு விளக்கினார்: முதல் தொகுதி பேட்டரியில் மேல் மூலை நெருக்கப்பட்டு உள்தகடு மடங்கியிருந்தது. மாற்றிக் கொடுத்த தொகுதியில் வெல்டிங் பிசிறு உள்ளே குத்தியது. 2017 ஜனவரியில் சாம்சங்கே இதை ஒப்புக்கொண்டு சொன்னது. உங்கள் போன் எரியவில்லை, உண்மைதான். ஆனால் சோதித்து முடிக்காததைச் சோதித்து முடித்ததாக விற்கிற பழக்கம் அதேதான்.

எங்கள் பக்கம் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களைப் பரப்பி வைப்போம். எவர்சில்வரிலிருந்து வெள்ளி வரை வந்தவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள், பட்டியல் எழுதுவார்கள். பரப்பி முடித்து ஊரே பார்த்த பிறகு, “இந்த வெள்ளிக் குத்துவிளக்கு அடுத்த பெண்ணுக்கு” என்று தூக்கி உள்ளே வைத்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்கள் விளம்பரப் பிரிவில் தமிழ் தெரிந்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

இனி சட்டம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிப்பதையும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. அந்த ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், விளம்பரத்தின் பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் போஸ்டர் தமிழில், அடிக்குறிப்பு ஆங்கிலத்தில். இதற்கு மேல் நான் வாதாட வேண்டியதில்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். நான் வாங்கிய மாடலில் அழைப்பைத் தமிழில் எழுத்தாக்கும் வசதி வருமா, வந்தால் எந்தத் தேதிக்குள் என்று பொறுப்பான அலுவலர் ஒருவர் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். “விரைவில்”, “படிப்படியாக” என்ற சொற்கள் அந்தக் கடிதத்தில் இருக்கக் கூடாது. வராது என்றால் போனை எடுத்துக்கொண்டு 64,999 ரூபாயையும் திருப்பிக் கொடுங்கள். தேய்மானம் கழிப்போம் என்று ஆரம்பிக்காதீர்கள், தேய்கிற அளவுக்கு அந்த வசதியை நான் பயன்படுத்தவே இல்லை. அடுத்த மாடலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வித்தியாசத் தொகை கட்டுங்கள் என்ற யோசனையும் வேண்டாம். ஒரே தமிழுக்கு நான் இரண்டு முறை பணம் கட்ட மாட்டேன். அப்புறம் அந்த போஸ்டர். நேற்று வரை அதே கடை வாசலில் இருக்கிறது. முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள், இன்னொருவர் ஏமாற வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதன்பின் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. வாடிக்கையாளர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே தூரமும் செலவும் என்னைத் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். சிவகங்கைக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறது.

ரசீதின் நகல், போஸ்டரின் புகைப்படம் (அடிக்குறிப்பைத் தனியாகக் கிட்டத்தில் எடுத்ததும் சேர்த்து), மொழிப் பட்டியல் திரையின் படம், உங்கள் மின்னஞ்சல்கள், ‘அ’ மின்னுகிற அந்தப் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

என்னைத் தொலைபேசியில் அழைப்பதானால் மாலை நான்கு மணிக்கு மேல் அழையுங்கள், அதற்கு முன்னால் அடுப்படியில் இருப்பேன். தமிழ் பேசுபவராக இருக்கட்டும். பேசியதை அவரே எழுதி எனக்கு அனுப்பிவிட வேண்டும், என் போன் எழுதாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோட்டையூர்.